உஷ்காரர் உட்காரச் சொல்கிறார்

ஹாலின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுகிறார். தட்டிய கைகள் பிரியாமல் அப்படியே இருக்க, தலையை மட்டும் ஒரு பக்கம் சாய்த்து, அடுத்த அறையிலிருந்து யாரோ தன்னைக் கூப்பிட்டது போல நிற்கிறார். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தால் விரல் உதட்டுக்குப் போய்விடுகிறது. "உஷ்!" பிறகு மேற்குச் சுவரை முறைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்கிறார்: "இந்தச் சுவரு எதிர்த்துப் பேசுதுங்க. கனமா ஒரு ஸ்கிரீன் துணி போட்டாத்தான் வாய மூடும்."

வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். உலகத்து இரைச்சலையெல்லாம் ஹாலுக்குள் கொண்டுவந்து இறக்குகிற மனிதருக்கு உஷ்காரர் என்று பெயர் வைத்தவள் என் தம்பி மகள். இப்போது எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் காதுக்கும் அது எட்டியிருக்கும். எது எட்டாமல் இருந்திருக்கிறது அந்தக் காதுக்கு?

ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆறடி உயரம், அதற்குத் தகுந்த வயிறு. வாசலில் செருப்பைக் கழற்றும்போது கைக்கடிகாரத்தையும் கழற்றிச் செருப்புக்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். டிக் டிக் என்கிறதாம். வந்ததும் ஃபேனை நிறுத்துவார். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவார். போகும்போது மறக்காமல் மாட்டிவிடுவார் என்று எழுத ஆசைதான். தம்பி வீட்டில் ஒரு முழு டப்பா ஐஸ்கிரீம் பாயசமானதால் அப்படி எழுத முடியவில்லை.

ஸ்பீக்கர்களை அவர் உறவுமுறை சொல்லித்தான் அழைக்கிறார். டிவிக்கு இரண்டு பக்கமும் நிற்பவை சம்பந்திகள். "ரெண்டு பேருக்கும் ஒரே மரியாத சார். ஒருத்தர ஒரு சாண் தள்ளி நிக்க வெச்சாப் போதும், படம் பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க." டிவிக்குக் கீழே நீளமாகப் படுத்திருப்பது மூத்த மருமகள். "பேச்சு பூரா இவ வழியாத்தான் வரும். மொத்தப் படமும் இவ தலையிலதான் ஓடுது. ஆனா வீட்டுக்கு வர்றவங்க சம்பந்தியப் பாத்துத்தான் ஆகா ஓகோம்பாங்க." மூலையில் தரையோடு உட்காரும் பெரிய பெட்டி, பெரியப்பா. "எங்க இருக்கார்னே தெரியாது. இருமினார்னா ஜன்னல் கண்ணாடி ஆடும்." சோபாவுக்குப் பின்னால் சுவரில் மாட்டுகிற இரண்டும் நாத்தனார்கள். "எப்பவும் முதுகுக்குப் பின்னாடிதான் பேசுவாங்க. பேசறாங்கன்னு தெரியணும், எங்கேர்ந்து பேசறாங்கன்னு தெரியக் கூடாது."

நான் அந்த வீட்டு நாத்தனார் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. மேல் மாடியிலிருந்து சும்மா எட்டிப் பார்க்க வந்தவள். தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடியதை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

தம்பிக்கு இது ஆறு மாதத்துக் கனவு. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறவன், சாப்பிடும்போதுகூட ஸ்பீக்கரைப் பற்றிய வீடியோதான் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு ஸ்பீக்கர் செட் ஒன்றை ஏறக்குறைய வாங்கியே விட்டான். கடைசி நேரத்தில் யாரோ சொல்லி உஷ்காரரைக் கூப்பிட்டான். அவர் டேப்பை நீட்டி அறையை இரண்டு பக்கமும் அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"அஞ்சு போதும் சார்."

"ஏழு இருந்தா இன்னும் நல்லாருக்குமே?"

"ஏழு வெச்சா நீங்க மாடிப்படில உக்காந்து பாக்கணும்."

"சரி, வாட்ஸாவது அதிகமா எடுத்துக்கலாமா? கடையில அந்தப் பெரிய செட்டப் போட்டுக் காட்டினான், என்னமா இருந்துச்சு தெரியுமா?"

"சார், கடையில பத்து டிவி ஓடும், ஏசி ஓடும், கூட்டம் பேசும். அதுக்குள்ள உங்க காதுல விழணும்னா அது கத்தித்தான் ஆகணும். உங்க வீட்ல யாரு கத்தப் போறா?"

"ரிமோட் காணோம்னா அவரே கத்துவார்" என்றது சமையலறை.

தம்பி இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் ஐந்து ஸ்பீக்கர் செட் வந்து இறங்கியது.

பெரியப்பாவுக்கு இடம் பார்க்கிறபோது உஷ்காரரைப் பார்க்க வேண்டும். பெட்டியை, ஆள் உட்காருகிற சோபாவின் மேலேயே தூக்கி வைத்துவிடுகிறார். அது அங்கிருந்து தொம் தொம் என்று இடிக்க, இவர் நாலு காலில் சுவரோரமாக அறையைச் சுற்றி வருகிறார். தோட்டுத் திருகு தொலைந்ததைத் தேடுகிறவர் போலக் காது தரையில். எந்த மூலையில் அந்த இடி குழையாமல் திருத்தமாகக் கேட்கிறதோ, அங்கே பெரியப்பாவை வைத்தால் சோபாவில் இருப்பவருக்கும் அப்படியே கேட்குமாம். கடன் வாங்கிய ஸ்குரூடிரைவரைத் திருப்பிக் கொடுக்க வந்த எதிர் வீட்டுக்காரர், "என்ன விழுந்துச்சு?" என்று கேட்டபடி தானும் குனிந்து கொஞ்ச நேரம் தேடிவிட்டுப் போனார். யாரும் தடுக்கவில்லை.

ஆனால் ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பது அவருக்கு இரண்டாவது கேள்விதான். ஆள் எங்கே உட்காருகிறார் என்பது முதல் கேள்வி. அதற்கு எல்லா வீட்டிலும் பொய்தான் பதிலாக வருகிறது என்பது அவர் கட்சி. "எங்க உக்காருவீங்கன்னு கேட்டா, போட்டோவுக்கு உக்கார்ற மாதிரி வரிசையா உக்காருவாங்க சார். அத நம்பி செட் பண்ணினா நாசமாப் போச்சு." அதனால் அவர் கேட்பதே இல்லை. வானிலை அறிக்கை மாதிரி உப்புச் சப்பில்லாத எதையாவது ஓடவிட்டு, ஒயரின் நுனியைச் சீவுகிறேன் பேர்வழி என்று ஓரமாக உட்கார்ந்துகொள்வார். ஓரக்கண் மட்டும் சோபாவில் இருக்கும்.

தம்பி முதல் ஐந்து நிமிடம் நேர்முகத் தேர்வுக்கு வந்தவன் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு குஷனை இழுத்து இடுப்புக்கு வைத்துக்கொண்டான். பிறகு மெல்ல இடது மூலைக்குச் சரிந்தான். பன்னிரண்டாவது நிமிடத்தில் வலது கால் டீப்பாய் மேல் ஏறியது. மகள் சோபாவிலிருந்து வழிந்து தரைக்கு வந்து, அதிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டாள். "புடிச்சிட்டேன்!" என்று எழுந்தார் உஷ்காரர். இருவர் இருந்த இடத்திலும் பச்சை டேப்பில் இரண்டு துண்டு கிழித்து ஒட்டினார். அந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் ஸ்டாண்டு போட்டு ஒரு சின்ன மைக்கை நிறுத்தினார். ஐந்து ஸ்பீக்கரும் பெரியப்பாவும் அந்த மைக்கைப் பார்த்துத் தங்கள் பேச்சைத் திருத்திக்கொண்டார்கள். எனக்கு டேப் ஒட்டவில்லை. "நீங்க வந்து போறவங்க" என்றார்.

தம்பி மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு, "பிரமாதம்மா" என்றார்.

டீ உள்ளே போனதும் பெருமை வெளியே வந்தது. "பதினேழு வருஷம் ஆச்சு சார். எத்தனையோ வீடு. செட் பண்ணிக் குடுத்ததுக்கப்புறம் சரியாக் கேக்கலன்னு ஒரு வீட்லேர்ந்து ஒரு போன் வந்ததில்ல. வந்துச்சுன்னா அன்னிக்கே பைய ஏறக் கட்டிருவேன்."

கடைசியாக அவருடைய பென்டிரைவ். ஏதோ ஒரு படத்தின் மூன்று நிமிடம் அதில் இருக்கிறது. மழை பெய்கிறது. மழைக்குள் ஒருவன் ஒருத்தியிடம் தாழ்ந்த குரலில், நாளைக்குக் கண்டிப்பாக வந்துவிடுவதாகச் சொல்கிறான். அவள் "ம்" என்கிறாள். அந்த "ம்" தெளிவாகக் கேட்டால் வேலை முடிந்தது. என்ன படம் என்று மகள் கேட்டாள். "யாருக்குத் தெரியும்? எனக்குப் படம் பாக்க எங்க நேரம்? நான் மழைய மட்டுந்தான் பாப்பேன்." அன்று "ம்" கேட்டது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு, முக்தி அடைந்தவன் போலத் தலையாட்டினான்.

ஒன்பதாம் நாள் உஷ்காரருக்குப் போன் போயிற்று.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்று தம்பி போனில் வழிந்தான். "வீட்லதான் பேச்சே காதுல விழலன்னு சொல்றாங்க."

பத்து நிமிடத்தில் வந்து நின்றார். வழக்கத்துக்கு மாறாகக் கை தட்டவில்லை. தம்பி இடத்தில் உட்கார்ந்து பார்த்தார், மகள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். "ம்" இரண்டு இடத்திலும் கேட்டது. மூத்த மருமகளை ஒரு நூல் உயர்த்திவிட்டுப் போனார். நாலு நாள் கழித்து மறுபடி போன். இந்தத் தடவை ஒயரையே மாற்றினார். மூத்த மருமகளைக் கழற்றித் தட்டிப் பார்த்து, ஊதி, துடைத்து மாட்டினார். எழுந்தார். "பதினேழு வருஷம்..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமலே படியிறங்கினார். மனுஷன் நிஜமாகவே பையை ஏறக் கட்டிவிடுவார் போலிருக்கிறதே என்று தம்பிக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

குறை சொன்னவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தம்பி மனைவி படம் பார்க்கிறவள் இல்லை, கேட்கிறவள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை முடிந்து நாலரைக்கு வீடு திரும்பினால் ஒன்பது மணி வரை சமையலறை. அங்கிருந்து பார்த்தால் சோபாவின் ஒரு கைப்பிடியும் அதில் தொங்கும் தம்பியின் சட்டையும்தான் தெரியும். டிவி தெரியாது. பதினெட்டு வருடமாக எல்லாக் கதைகளையும் அவள் காதாலேயே பார்த்துக்கொண்டு வருகிறாள். நறுக்கிக்கொண்டே, "அவன் பொய் சொல்றான் பாரு" என்று குரல் கொடுப்பாள். அரை மணி கழித்துப் போலீஸ் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போகும். பாதியில் தூங்கிப் போன தம்பி, மீதிக் கதையை மறுநாள் காலை அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வான்.

புது செட் வந்ததிலிருந்து அது போயிற்று. பழைய டிவியின் குரல் தகர டப்பா என்றாலும் வீடு முழுக்கப் போகும். ஐந்து ஸ்பீக்கரும் சோபாவைப் பார்த்து மட்டும் பேசின. சுவரைத் தாண்டிச் சமையலறைக்கு வந்தவர் பெரியப்பா ஒருவர்தான்.

"இடி மட்டும் வருது அண்ணி" என்றாள் என்னிடம். "பேச்சு ஒண்ணுகூட வரல. நேத்து தொம்முனு விழுந்துச்சு. யாருடி செத்தான்னு கேக்கறேன், 'அம்மா, இது காமெடிப் படம்'ங்கறா. சீரியல்ல அந்த டாக்டர் அவள ஏத்துக்கிட்டானா இல்லையானே எனக்கு இன்னும் தெரியாது. எல்லாரும் சிரிக்கறாங்க, எதுக்குன்னு தெரியாம நான் உள்ள நிக்கறேன். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மேளம் கேக்கற மாதிரி இருக்கு."

அவளுக்குப் போனது வெறும் கதை இல்லை என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாததா?

அவள் அழுகிற ஜாதியும் இல்லை. மகளிடம் ரிமோட்டைக் கற்றுக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஐந்து ஸ்பீக்கரையும் அணைத்துவிட்டு டிவியின் சொந்தக் குரலை முப்பதில் வைத்துவிடுவாள். தம்பி அணைத்ததைப் போடுவான். அவள் வந்து அணைப்பாள். ஒரு வாரம் வீட்டில் இதுதான் நடந்தது. தம்பி ஆறு மாதக் கனவை விடுவதாக இல்லை. அவள் பதினெட்டு வருடத்து வழக்கத்தை விடுவதாக இல்லை. மூன்றாவது போனும் போயிற்று.

உஷ்காரர் வாசலில் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் காதில் அது விழுந்துவிட்டது. உள்ளே வந்தார். சம்பந்திகள், மருமகள், நாத்தனார்கள், மூலையில் பெரியப்பா, எல்லோரும் வாய் மூடி நிற்க, நடுவில் டிவி தன் தகரக் குரலில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. தான் வைத்த விருந்தை யாரும் தொடாமல் ஓட்டல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவதைப் பார்த்தவர் போல நின்றார்.

"யாரு அணைச்சது?"

தம்பி கூரையைப் பார்த்தான். மகள் போனைப் பார்த்தாள்.

"நான்தாங்க" என்றது சமையலறை.

அந்தக் குரல் வந்த திசைக்கு அவர் மெதுவாகத் திரும்பினார். அந்த வீட்டில் அப்படி ஒரு திசை இருப்பது அப்போதுதான் தெரிந்தது போல. வாசல் வரை போனார். "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒடுங்கி நின்றார். "சார், அஞ்சையும் போடுங்க. மழையப் போடுங்க."

மழை சமையலறைக்கு வரவில்லை. வந்தது ஒரு உறுமல். பிறகு ஒன்றுமில்லை. புகை போக்கும் ஃபேனின் சத்தம் மட்டும். அந்த மூன்று நிமிடமும் அவர் நின்றார். "ம்" வரவேயில்லை.

"எத்தன நாளா இங்கேர்ந்து பாக்கறீங்க?"

"பாக்கறதா? கேக்கறேன். பதினெட்டு வருஷமா."

"அன்னிக்கு எல்லாரும் உக்காந்தப்ப நீங்க எங்கம்மா போயிருந்தீங்க?"

"எங்க போனேன்? இங்கதான் உங்களுக்கு டீ போட்டுக்கிட்டு இருந்தேன்."

அவர் அடுப்பைப் பார்த்தார். டீ வடிகட்டி தொங்குகிற ஆணியைப் பார்த்தார். விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

"எல்லா வீட்லயும் டீ குடிச்சிருக்கேம்மா" என்றார்.

நிலைமையைச் சரிசெய்ய என் தம்பி முன்வந்தான். வாசலில் வந்து நின்று, பெரிய மனதோடு அறிவித்தான்: "இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசன? கிச்சன்ல ஒரு ஸ்பீக்கர் வெச்சிருவோம். ஒயர் இல்லாததே வருது. ஆறாவது ஸ்பீக்கர்!"

"வேணாம்" என்றாள் அவள்.

"ஏன்? உனக்குத்தானே?"

"எனக்குத்தான். அத இங்க ஆணி அடிச்சு மாட்டிட்டீங்கன்னா நானும் இங்கதான்னு ஆயிரும். இப்பவாவது கேக்கலன்னு சொல்லி ரெண்டு தடவ வெளிய வர்றேன்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் நாத்தனார் ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

"அம்மா சொல்றதுதான் சரி" என்று உஷ்காரர் ஹாலுக்கு வந்தார். தரையில் ஒட்டியிருந்த பச்சை டேப் இரண்டையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். "சார், கால எடுங்க. சோபாவ ஒரு முழம் தள்ளணும். பாப்பா, எந்திரி." தள்ளினார்கள். பிறகு சமையலறை வாசலைப் பார்த்து, "அம்மா, வாங்க. உக்காருங்க" என்றார்.

அவள் ஈரக் கையோடு வந்து நின்றாள். சோபாவைப் பார்த்தாள், ஒற்றை நாற்காலியைப் பார்த்தாள். பதினெட்டு வருடமாகத் துடைத்து, தட்டி, உறை மாற்றிய இருக்கைகள். எதில் உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அடுப்புல பால் இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும்."

ஒற்றை நாற்காலியின் நுனியில், பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவள் போல உட்கார்ந்தாள். உஷ்காரர் மைக் ஸ்டாண்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். தம்பி, "ஆரம்பிக்கலாமே" என்றான். "உஷ்" என்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒரு காலை மடக்கினாள். கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தாள். அவள் முதுகு நாற்காலியின் முதுகைத் தொட்டபோது அவர் மைக்கை அவள் காது உயரத்துக்கு இறக்கி நிறுத்தினார். சம்பந்திகள் அவள் பக்கம் முகம் திருப்பினார்கள். நாத்தனார்கள் இருவரும் ஆணி மாறினார்கள். எல்லாம் முடிந்து மைக்கை எடுத்துவிட்டு அவர் மழையைப் போட முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவள் மூன்று தடவை எழுந்து உள்ளே போய் வந்தாள், முதல் தடவை பால் அடுப்பை அணைக்க, கடைசித் தடவை மறுபடி பற்ற வைக்க. மூன்று தடவையும் அவர் கையைக் கட்டிக்கொண்டு, அவள் திரும்பி வந்து சாய்கிற வரை காத்திருந்தார்.

மழை பெய்தது. அவளுக்குப் பின்னால் பெய்தது.

"ஐயோ, துணி!" என்று அவள் பாதி எழுந்துவிட்டாள். மகள் சிரித்த சிரிப்பில் தரையில் உருண்டாள். "உக்காரும்மா, உக்காரு. வெளிய வெயில் அடிக்குது."

அவள் வெட்கத்தோடு உட்கார்ந்தாள். மழைக்குள் அவன் பேசினான், நாளைக்குக் கண்டிப்பாக வந்துவிடுவதாக. அந்தப் பெண் "ம்" என்றாள். எல்லோரும் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பொய்" என்றாள்.

"என்னம்மா?"

"பொய் சொல்றான். அவன் வர மாட்டான். அது அவளுக்கும் தெரியும். அந்த 'ம்'மக் கேட்டா தெரியலையா?"

பதினேழு வருடமாக ஆயிரம் தடவை அந்த "ம்"மைக் கேட்ட மனிதர் அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?" என்றார். "நான் தெளிவாக் கேக்குதான்னு மட்டுந்தான் பாத்திருக்கேன்." பிறகு, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில், "இன்னொரு தடவ போடட்டுமா?" என்றார். "போடுங்க" என்றாள் அவள், இன்னொரு காலையும் மடக்கிக்கொண்டு.

மறுபடி மழை. பால் பொங்குவதற்குச் சற்று முன் பாத்திரத்தின் விளிம்பில் ஒரு மெல்லிய சீறல் கிளம்பும். மழைக்கும் பேச்சுக்கும் நடுவே அந்த ஹாலில் அது இரண்டே பேருக்குக் கேட்டது. அவள் கைகள் நாற்காலியின் பிடிக்குப் போவதற்குள் உஷ்காரர் எழுந்துவிட்டார். இருங்கள் என்று அவளுக்கு உள்ளங்கையைக் காட்டினார். டீப்பாய் மேல் நீண்டிருந்த தம்பியின் காலைத் தாண்டிச் சமையலறைக்குப் போனார். அடுப்பைச் சிறிதாக்கினார். கரண்டி எது என்று தேடி எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்று பாலைக் கிண்டத் தொடங்கினார்.